நாயின் கட்டியில் புண் வந்தால்: முதல் இரவிலிருந்து தையல் பிரிக்கும் நாள் வரை

மணியின் படுக்கை விரிப்பில் ஐந்து காசு அளவுக்கு ஒரு ரத்தக்கறை. நாங்கள் முதலில் பார்த்தது அதைத்தான். சிங்கப்பூர் யீஷூனில் நாலறை வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு. மணி கலப்பின நாய், இங்கே எல்லாரும் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாகச் சொல்கிறார்களே, அந்த வகை. அப்போது அவனுக்குப் பதினோரு வயது. வலது விலாவுக்குப் பின்னால் இரண்டு ஆண்டுகளாக ஒரு கட்டி இருந்தது. அன்று அதன் உச்சியில் தோல் உரிந்து, ஈரமாகச் சிவந்து கிடந்தது.

"கொழுப்புக் கட்டி போல இருக்கிறது" என்று இரண்டு ஆண்டுக்கு முன் விரலால் தடவிப் பார்த்த மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தப் 'போல' என்ற சொல்லை வீட்டுக்கு வரும் வழியிலேயே நாங்கள் தொலைத்துவிட்டோம். அம்மா மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவினார். பத்து நாளில் புண் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. எல்லாருக்கும் நிம்மதி. ஆறு வாரம் கழித்து அதே இடம் மறுபடி திறந்துகொண்டது, இம்முறை இன்னும் அகலமாக. ஊசி வைத்துப் பார்த்தபோதுதான் அது கொழுப்பில்லை என்று தெரிந்தது.

கட்டியின் மேல் வரும் புண் ஆறுவதும் கட்டி ஆறுவதும் ஒன்றில்லை. புண் கண்ணில் படுகிறது, நாற்றம் அடிக்கிறது, விரிப்பைக் கறையாக்குகிறது. அதனால் நம் கவனம் முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்கிறது. கீழே இருப்பதற்கு என்ன பெயர் என்று யாரும் கேட்பதில்லை. நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் இந்தத் தவற்றை ஒருமுறை செய்து, அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் நாய் வளர்க்கும் பலருக்கும் சொல்லிச் சொல்லி, சொல்ல வேண்டிய வரிசை எனக்குப் பழகிவிட்டது.

இன்றே ஓட வேண்டுமா, நாளை வரை பொறுக்கலாமா

புண்ணைப் பார்ப்பதற்கு முன் நாயைப் பாருங்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, வாலாட்டி, கதவுமணிக்குக் குரைக்கிறது என்றால் பெரும்பாலும் ஓரிரு நாள் அவகாசம் உண்டு. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டக் கூடாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நமக்குக் காய்ச்சல் என்கிற அளவு அதற்குச் சாதாரணம் என்பதால், தொட்டுப் பார்த்து "சுடுகிறது" என்று சொல்வதில் பயனில்லை. மலவாயில் வைக்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை நாய்க்கென்றே தனியாக வாங்கி வைப்பது நல்லது. வீட்டாரின் வெப்பமானியோடு அது கலந்துவிடக் கூடாது என்பதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. நடுவில் "நின்றதா" என்று தூக்கிப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. நிற்கவில்லையென்றால் இன்னும் ஐந்து நிமிடம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் ஒழுகினால், இரவு எந்நேரமானாலும் இருபத்துநான்கு மணி நேர விலங்கு மருந்தகத்துக்குப் புறப்படுங்கள்.

ஈறு வெளுத்திருப்பது, எழுந்து நிற்க முடியாமல் துவள்வது, முகம் திடீரென வீங்குவது, வாந்தியோடு தார் போன்ற கறுப்பு மலம் போவது, ஒரே நாளில் கட்டி இரு மடங்காவது, புண்ணுக்குள் ஏதோ நெளிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பொறுக்க வேண்டாம். கறுப்பு மலத்துக்கும் தோலில் உள்ள கட்டிக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். மாஸ்ட் செல் கட்டி என்ற தோல் புற்று வகை, மணிக்கு இருந்ததும் அதுதான், ஹிஸ்டமைன் என்ற வேதிப்பொருளை உடலுக்குள் கொட்டும். அதனால் வயிற்றில் அமிலம் பெருகிக் குடற்புண் உண்டாகி உள்ளே ரத்தம் கசியும். அந்த ரத்தம் செரித்து வெளியே வரும்போது கறுப்பாக இருக்கும். மணிக்கு அப்படி ஆகவில்லை, ஆனால் ஆகியிருக்கக் கூடும் என்று பின்னால் தெரிந்தபோது வயிற்றைக் கலக்கியது.

இவை எதுவும் இல்லையென்றால் அடுத்த ஒன்றிரண்டு நாளில் ஒரு நேரம் குறித்து மருத்துவரைப் பாருங்கள். "அடுத்த வாரம் சம்பளம் வந்ததும்" என்று தள்ளிப்போடும் விஷயமில்லை இது.

தொடுவதற்கு முன் ஒரு படம்

புண்ணைக் கழுவிவிட்டால் அது எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி போய்விடும். அதனால் முதலில் கைப்பேசியில் படம். அருகில், தோலில் படாமல், ஒரு பத்துக் காசைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2013இல் வந்த புதிய வரிசைப் பத்துக் காசின் விட்டம் 18.5 மில்லிமீட்டர், ஒரு வெள்ளி நாணயம் 24.65 மில்லிமீட்டர். "கொஞ்சம் பெரிதாகிவிட்டது" என்று மருத்துவரிடம் சொல்வதைவிட மூன்று தேதியில் எடுத்த மூன்று படங்களைக் காட்டுவது ஆயிரம் மடங்கு உதவும். ஒரே விளக்கு, ஒரே தூரம், ஒரே நாணயம்.

படம் எடுக்கும்போதே கட்டியைச் சுற்றி மெதுவாக விரல் வைத்துப் பாருங்கள். தோலோடு சேர்ந்து நகர்கிறதா, கீழே தசையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? கடினமா, மெத்தென்றிருக்கிறதா? எப்போது முதலில் பார்த்தீர்கள்? எழுதி வையுங்கள். அவ்வளவுதான், பிதுக்க வேண்டாம். கொழுப்புச் சுரப்பியில் உண்டாகும் நீர்க்கட்டியைப் பிதுக்கினால் அது வெளியே வராமல் தோலுக்கு உள்ளேயே வெடித்து அழற்சியாகும். மாஸ்ட் செல் கட்டியை அழுத்தினால் அது கோபித்துக்கொண்டது போல் சில நிமிடத்தில் சிவந்து வீங்கும். சில கட்டிகள் காலையில் சிறுத்து மாலையில் பெருத்துத் தெரிவதும் இதனால்தான்.

ஓர் இடைச்செருகல். கட்டி என்று பதறி வருகிறவர்களில் சிலர் காட்டுவது முலைக்காம்பை. ஆண் நாய்க்கும் காம்புகள் உண்டு. வயிற்றில் இரண்டு வரிசையாகச் சம இடைவெளியில் இருந்தால் அவைதான். இன்னும் சிலர் காட்டுவது ரத்தம் குடித்து உப்பிய உண்ணி. விளக்கைப் பிடித்து உற்றுப் பார்த்தால் அடியில் கால்கள் தெரியும்.

கழுவுதல்

மிக எளிய நீர்மம் உப்பு நீர்தான். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். அன்றன்றைக்கு அன்றன்று செய்யுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் சிறு குப்பிகளும் நல்லவை, காய்ச்சும் வேலை மிச்சம்.

முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் நீரை உறிஞ்சி, புண்ணின் மேல் சீராக ஓடவிடுங்கள். தேய்ப்பதைவிட ஓடவிடுவது நல்லது. சுற்றிலும் முடி ஒட்டிப் பசையாக இருந்தால் அதே நீரில் நனைத்த காஸ் துணியை இரண்டு நிமிடம் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். பஞ்சு வேண்டாம், இழை உதிர்ந்து புண்ணில் ஒட்டிக்கொள்ளும். பொருக்கு தானாக வந்தால் வரட்டும், பிய்க்காதீர்கள். கடைசியில் ஒற்றி எடுத்து உலர்த்துங்கள். நாளுக்கு இருமுறை போதும். கவலையில் ஆறு முறை கழுவினால் புதிதாக வளரும் தோலையும் கழுவிவிடுவோம்.

கிருமிநாசினி வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் நீர்த்துப்போகச் செய்த குளோர்ஹெக்சிடினோ போவிடோன் அயோடினோ பயன்படுத்தலாம். ஆனால் அளவு முக்கியம். திறந்த புண்ணுக்கு ஏற்ற குளோர்ஹெக்சிடின் 0.05 விழுக்காடுதான். குப்பியில் 2 விழுக்காடு என்று போட்டிருந்தால் 5 மில்லிலிட்டர் எடுத்து 195 மில்லிலிட்டர் நீரில் கலக்க வேண்டும். நுரை வரும் சோப்பு வகைக் குளோர்ஹெக்சிடின் புண்ணுக்குள் போகக் கூடாது. கண், காது அருகிலும் எந்த வகையும் வேண்டாம். 10 விழுக்காட்டுப் போவிடோன் அயோடினை நூறு மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும், அதாவது 10 மில்லிலிட்டருக்கு ஒரு லிட்டர். கோப்பிக் கடையில் பாலில்லாமல் தரும் 'தே ஓ' தேநீர் நிறத்தில் இருந்தால் அது அதிகம். சீன உணவகத்தில் முதலில் ஊற்றித் தருவார்களே, அந்த வெளிர்த் தேநீர் நிறம்தான் சரி.

அலமாரியில் இருப்பதை எல்லாம் தடவாதீர்கள்

இந்தப் பகுதியில் நம் வீடுகளோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. நம் பாட்டிமார் வைத்தியத்தின் மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் நாய்க்கு நாக்கு இருக்கிறது. தடவியதெல்லாம் அரை மணியில் வயிற்றுக்குள் போய்விடும்.

கோடாலித் தைலமும் புலி மார்க் தைலமும் சிங்கப்பூரில் இல்லாத தமிழ் வீடு ஏது? அவற்றிலுள்ள கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் நாய்க்கு நஞ்சு. புழு வைத்த புண்ணில் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து ஊற்றும் கிராமத்துப் பழக்கமும் அதே காரணத்தால் ஆபத்து. மண்ணெண்ணெய், டர்பன்டைன் பற்றிக் கேட்கவே வேண்டாம். தேயிலைமர எண்ணெய் இயற்கையானது என்று சொல்லி விற்கிறார்கள். இயற்கையானதுதான், நாய்க்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வரவைக்கும் இயற்கை. துத்தநாக ஆக்சைடு கலந்த குழந்தைக் களிம்பை நக்கினால் வாந்தி, அதிகமானால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் கிருமியோடு சேர்த்து ஆறிவரும் திசுவையும் கொல்லும்.

மஞ்சளை நஞ்சு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடுகிறது. புண்ணின் ஓரம் சிவப்பா, கறுப்பா, சீழ் பச்சையா என்று மருத்துவருக்குத் தெரியாது. எங்கள் மருத்துவர் பத்து நிமிடம் மஞ்சளைக் கழுவிவிட்டுத்தான் மணியைப் பார்க்கத் தொடங்கினார். அம்மா அந்தப் பத்து நிமிடமும் சுவரில் இருந்த பூனைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, பலரும் அறியாதது. வீட்டில் யாருக்கோ தோல் அரிப்புக்குக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பு மிச்சம் இருக்கும். அதைத் தடவினால் சிலவகைக் கட்டிகள் கொஞ்ச நாள் சுருங்கும். சோதனையில் சரியான விடை வராமல் குழப்பும். நோய் நீங்காமல் மறைந்து மட்டும் கொள்ளும். வலிக்குப் பனடோல் (பாராசிட்டமால்), ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நாய்க்கான வலிமருந்து தனியாக உண்டு. எடைக்கேற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நாக்கையும் ஈயையும் விலக்குதல்

நாய் எச்சிலுக்கு மருந்துக் குணம் உண்டு என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் இருக்கிறது. நடைமுறையில், நாக்கு பகல் முழுதும் உரசி, ஆறிய தோலைப் பிய்த்து, வாயிலுள்ள கிருமியைச் சேர்த்து வைக்கும். அதனால் கழுத்துக் கூம்பு போடுங்கள். அதன் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரல் அளவாவது நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூம்புக்குள்ளிருந்தே எட்டி நக்கக் கற்றுக்கொள்ளும். முதல் இரவு சுவரெல்லாம் இடித்துக்கொண்டு, கதவுச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, நியாயம் கேட்பது போல் உங்களைப் பார்க்கும். இரக்கப்பட்டுக் கழற்றாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கழற்றலாம். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் நல்லது. நள்ளிரவில் பிளாஸ்டிக் தரையில் இழுபடும் சத்தம் நாற்காலியை இழுப்பது போலக் கேட்கும்.

மார்பு, விலா, முதுகில் உள்ள புண்ணுக்குப் பருத்திச் சட்டை ஒன்று பெரிய உதவி. பழைய குழந்தைச் சட்டையில் வாலுக்கும் காலுக்கும் இடம் வெட்டி மணிக்குப் போட்டோம். தினமும் மாற்றித் துவைக்க மூன்று சட்டை வேண்டும்.

ஈயைப் பற்றிக் குளிர்நாட்டு வழிகாட்டிகளில் அதிகம் இருக்காது. நமக்கு அதுதான் முதன்மையான பகை. வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டு முழுதும் இருக்கும் தீவு இது. திறந்த, நாற்றமடிக்கும் புண்ணைத் தேடி வந்து ஈ முட்டையிடும். ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து புழுவாகிவிடும். தென்கிழக்காசியாவில் காணப்படும் திருகுப்புழு ஈயின் குஞ்சுகள் செத்த தசையோடு நிற்காமல் உயிருள்ள தசையையும் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். கட்டியுள்ள நாயைப் பால்கனியிலோ திறந்த வராந்தாவிலோ விடாதீர்கள். சன்னல் வலை, மின்விசிறி, தினமும் மாற்றும் விரிப்பு, இவை போதும். புண்ணின் மேல் அரிசி நொய் போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. அன்றே மருத்துவரிடம் போங்கள். இடுக்கியால் வீட்டிலேயே எடுக்க முயன்றால் பாதி உள்ளேயே தங்கிவிடும்.

கட்டு போடலாமா? கசிவு அதிகமாக இருந்தால், கட்டி இருக்கும் இடம் தரையில் உரசினால் போடலாம். புண்ணில் ஒட்டாத வகைப் பட்டையை முதலில் வைத்து, மேலே காஸ், அதன் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் மீள்பட்டை. இரண்டு விரல் உள்ளே போகும் தளர்ச்சி இருக்க வேண்டும். காலில் கட்டினால் விரல்கள் வீங்குகின்றனவா, குளிர்கின்றனவா என்று நாளுக்கு மூன்று முறையாவது பாருங்கள். ஈரக் கட்டு, கட்டு இல்லாததைவிட மோசம். மழைக்காலத்தில் கீழே அழைத்துப்போகும்போது மட்டும் மேலே பிளாஸ்டிக் உறை சுற்றி, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். புண் ஆறும்வரை குளிப்பாட்ட வேண்டாம். ஈரத் துணியால் மற்ற இடங்களைத் துடைத்தால் போதும்.

வீட்டில் பணிப்பெண் நாயைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், இவற்றை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். எத்தனை மணிக்குக் கழுவியது, என்ன நிறத்தில் கசிந்தது என்று குறிக்க ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். பகல் முழுதும் நாயோடு இருப்பவர் அவர். எங்கள் மணியின் கட்டி காலையில் சிறிதாகவும் மாலையில் பெரிதாகவும் இருக்கிறது என்று முதலில் கவனித்தவர் எங்கள் வீட்டுப் பணிப்பெண்தான். நாங்கள் சிரித்தோம், மருத்துவர் சிரிக்கவில்லை.

மருந்தகத்துக்குப் போகும் நாள்

எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய் தவிர வேறு செல்லப்பிராணிக்கு இடமில்லை. டாக்சியில் ஓட்டுநர் சம்மதித்தால்தான். முன்பதிவுச் செயலியில் செல்லப்பிராணிக்கென உள்ள சேவையை எடுப்பதே மேல். இருக்கையில் விரிக்கப் பழைய துண்டு ஒன்று வேண்டும். மயக்கமருந்து தேவைப்படலாம் என்பதால், சாப்பாடு கொடுத்து அழைத்துவரலாமா என்று முன்பே தொலைபேசியில் கேளுங்கள்.

செலவு. மனிதர்களுக்குப் பலதுறை மருந்தகம் இருப்பது போல் நாய்க்கு எதுவும் இல்லை. மெடிசேவ் என்ற நம் மருத்துவச் சேமிப்பும் உதவாது. எல்லாம் கைக்காசு, அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. இடத்துக்கு இடம் கட்டணம் மாறும். வெட்கப்படாமல் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். ஆலோசனை, ஊசிச் சோதனை, ரத்தச் சோதனை, மயக்கமருந்து, அறுவை, அறுத்த கட்டியின் திசு ஆய்வு, மருந்து ஆகிய எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். திசு ஆய்வு வரியை வெட்டிச் சிக்கனம் பிடிக்காதீர்கள். அறுத்து எறிந்த கட்டியின் பெயர் தெரியாமல் போனால் அடுத்து என்ன செய்வது என்று யாராலும் சொல்ல முடியாது. காப்புறுதி எடுக்க நினைப்பவர்கள் கட்டி வருவதற்கு முன் எடுத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோயைக் காப்புறுதி ஏற்காது.

மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு "கொழுப்பு போல" என்றால், "ஊசி வைத்துப் பார்க்கலாமா, டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். கட்டி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால், ஒரு மாதமாக அப்படியே இருந்தால், புண்ணாகியிருந்தால் கேட்டே ஆக வேண்டும். மெல்லிய ஊசியைக் குத்திச் சில உயிரணுக்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெரும்பாலும் மயக்கமருந்து வேண்டாம்; மணி அந்த நேரத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். புண்ணின் நடுவில் குத்தினால் சீழும் அழற்சி அணுக்களுமே வரக் கூடும். அதனால் ஓரத்தில், தோல் மூடிய பகுதியில் குத்துவார்கள். அதிலும் தெளிவாகவில்லை என்றால் சிறு துண்டு வெட்டி எடுத்துத் திசுச் சோதனைக்கு அனுப்புவார்கள்.

கட்டிக்கு என்ன பெயர்

கொழுப்புக் கட்டி மெத்தென்று, தோலுக்கடியில் நழுவும். நடுத்தர வயதைத் தாண்டிய நாய்களுக்குச் சகஜம். அது அபூர்வமாகத்தான் புண்ணாகும். ஆகவே 'கொழுப்புக் கட்டி' என்று பெயர் பெற்றது புண்ணானால் அந்தப் பெயரையே சந்தேகிக்க வேண்டும். நாங்கள் சந்தேகிக்கவில்லை.

மூன்று வயதுக்குட்பட்ட நாய்க்கு முகத்திலோ காதிலோ காலிலோ சட்டைப் பொத்தான் போலச் சிவந்த கட்டி திடீரென வந்து, உச்சி உரிந்து பார்க்கவே பயமாக இருந்தால், அது ஹிஸ்டியோசைட்டோமாவாக இருக்கக் கூடும். இது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே மறைந்துவிடும் நல்ல பிள்ளை. ஆனால் நல்ல பிள்ளைதான் என்று ஊசி சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது. வயதான பூடில், காக்கர் ஸ்பேனியல் வகைகளுக்குக் காலிபிளவர் போன்ற சிறு பருக்கள் வரும். எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து வருபவை அவை. ஆபத்து குறைவு, ஆனால் முடி வெட்டும் கருவி பட்டு அடிக்கடி ரத்தம் வரும். முடிவெட்டுபவரிடம் ஒரு படத்தைக் காட்டி இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

மாஸ்ட் செல் கட்டிதான் ஏமாற்றுக்காரன். நாய்த்தோலில் வரும் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இதுவாக இருக்கலாம். கொழுப்புக் கட்டி போலவும் இருக்கும், கொசுக்கடி போலவும் இருக்கும், மரு போலவும் இருக்கும். பக், பாக்சர், புல்டாக் இனங்களுக்கு அதிகம். அதற்காகக் கலப்பின நாய்க்கு வராது என்றில்லை. கருத்தடை செய்யாத பெண் நாயின் முலைப்பகுதியில் கட்டி வந்து புண்ணாவது இன்னொரு பெரிய கதை. அவற்றில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கும் என்பதால் காத்திருக்க வேண்டாம்.

ஏன் புண்ணாகிறது என்று கேட்டால், கட்டி வளரும் வேகத்துக்கு ரத்த ஓட்டம் ஈடுகொடுக்காமல் மேல்தோல் பட்டுப்போவது ஒரு காரணம். இழுபட்டு மெலிந்த தோல் தரையிலும் கழுத்துப்பட்டையிலும் உரசுவது, அரிப்பில் நக்குவது, கிருமி புகுவது என மற்றவை சேர்ந்துகொள்ளும்.

அறுவையும் அதன் பின்னும்

மணிக்கு அறுத்த வெட்டு கட்டியைவிட நான்கு மடங்கு நீளமாக இருந்தது. நான் கோபப்பட்டேன். மாஸ்ட் செல் கட்டி கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி வேர்விட்டிருக்கும் என்பதால், பொதுவாகச் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலும், அடியில் ஓர் அடுக்குத் திசுவும் சேர்த்து எடுப்பார்கள் என்று பிறகு விளக்கினார் மருத்துவர். திசு ஆய்வு அறிக்கை வர ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: கட்டியின் தரநிலை (எவ்வளவு தீவிரமானது என்பது), வெட்டிய ஓரம் சுத்தமா இல்லையா. ஓரத்தில் கட்டி அணுக்கள் மிச்சம் என்றால் மறு அறுவையா, வேறு சிகிச்சையா என்ற பேச்சு தொடங்கும்.

தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள். அதுவரை கூம்பு, வறண்ட தையல், தாவல் தடை. வீவக வீட்டுத் தரை ஓடு நாயின் கால்களுக்குப் பனிச்சறுக்கு மைதானம். சறுக்கினால் தையல் இழுபடும். யோகா விரிப்புகளைப் பாதைபோல் போட்டோம். சோபாவுக்கு முன் நாற்காலிகளைக் கவிழ்த்துத் தடுப்பு. சின்ன நடை, கழுத்துப்பட்டையில்லாமல் மார்புப்பட்டையோடு, அதுவும் தையலில் உரசாதபடி. காலையில் புல் ஈரமாக இருக்கும் நேரத்தைத் தவிர்த்தோம். தையலோரம் லேசாக வீங்குவது இயல்பு. சூடு, சீழ், நாற்றம், தையல் வாய் பிளப்பது இயல்பில்லை.

அறுக்க இயலாத நாய்களும் உண்டு. இதயம் பலவீனம், வயது அதிகம், கட்டி பெரிது. எங்கள் கீழ்த்தளத்து மாமா ஒருவரின் பதினான்கு வயது ஷிட்சு அப்படித்தான் இருந்தது. புண் ஆறப் போவதில்லை என்று தெரிந்த பிறகு வேலை மாறுகிறது. வலி குறைய வேண்டும், நாற்றம் குறைய வேண்டும், ஈ அண்டக் கூடாது. நாற்றத்துக்கு மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி உண்டு. காயத்துக்கென்றே சுத்திகரித்த தேன் பட்டையும் சிலர் தருவார்கள், சமையல் தேன் அதற்கு ஈடாகாது. மாமா நாட்காட்டியில் தினமும் ஒரு குறி போட்டார்: சாப்பிட்டு, நடந்து, வாலாட்டிய நாளுக்கு நீலம், இல்லாத நாளுக்குச் சிவப்பு. சிவப்பு நீலத்தை மிஞ்சிய வாரத்தில் மருத்துவரை வீட்டுக்கு அழைத்தார்.

மணிக்கு இப்போது பதின்மூன்று. மாதத்தின் முதல் ஞாயிறு, அம்மா பூசை முடித்த கையோடு அவனைப் பாயில் படுக்கவைத்துத் தாடையிலிருந்து வால்வரை கையால் தடவிப் பார்ப்பார். காது மடலின் உள்புறம், அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு, வாலடி. ஒரு தாளில் நாயின் உருவம் வரைந்து, கட்டி கண்ட இடத்தில் புள்ளி வைத்து, பக்கத்தில் தேதியும் அளவும் எழுதுவேன். இதுவரை நான்கு புள்ளி. நான்கிலும் ஊசி வைத்தாயிற்று. மூன்று கொழுப்பு, ஒன்று மரு. 'போல' எதிலும் இல்லை.